சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் ஒரு நாய்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அது எந்த லெட்ஜரில் வரும் என்று யோசிப்பான். கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு மொய் நோட்டை எட்டிப் பார்ப்பான். அடியேனுக்கும் அந்த வியாதி உண்டு. அதிலும் ஓசூர் பக்கம் குடியிருந்தால் முற்றிவிடும். ஏனென்றால் இந்த ஊரில் எண்ணாத பொருளே கிடையாது.

சிப்காட்டில் ஸ்க்ரூ, நட்டு, வாஷர் வரை எண்ணுகிறார்கள். மார்ச் 31 வந்துவிட்டால் ஸ்டோர்ஸ் ஆசாமிகள் ராத்திரி இரண்டு மணி வரை ஸ்டாக் எடுப்பார்கள். ரோஜாப் பூவை இருபது இருபதாக எண்ணிக் கட்டுப் போட்டு லாரி ஏற்றுகிறார்கள். மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை, 1824ல் ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பித்தது. அங்கேயும் மிருகங்களுக்கு ரிஜிஸ்டர் உண்டு. இப்போது நாடு முழுக்க மாட்டுக்குக் காதில் மஞ்சள் கம்மல் மாட்டி 12 இலக்க நம்பர் கொடுத்துவிட்டார்கள். நமக்கு ஆதார் 12 இலக்கம், மாட்டுக்கும் 12 இலக்கம். மாடு மட்டும் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலையவில்லை.

யானையையும் விடவில்லை ஸார். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஓசூர் காட்டுக்கு வருஷா வருஷம் வந்து போகிற யானை, எந்த செக்போஸ்ட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை. இருந்தாலும் 2024 மே மாதம் தென் மாநிலங்கள் ஒரே சமயத்தில் எண்ணின. தமிழ்நாட்டுப் பங்கு 3,063 என்று கணக்கு முடித்தார்கள்.

நாய்க்கும் கணக்கு உண்டு. 2019ல் நடந்த இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் தெரு நாய்கள் ஒரு கோடியே 53 லட்சம். அதற்கு முன்னால் 2012ல் எண்ணியபோது ஒரு கோடியே 71 லட்சம். தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம். பக்கத்து வீட்டுக்காரரான பெங்களூர் மாநகராட்சி 2023ல் தனியாக ஒரு தடவை எண்ணி, எங்கள் ஊரில் 2 லட்சத்து 79 ஆயிரம் என்றது. ஓடுகிற நாயை எப்படி எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். அது அவர்கள் சாமர்த்தியம்.

வீட்டு நாயும் தப்பவில்லை. சென்னை மாநகராட்சி 2025ல் உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. அரிசி மணி சைஸில் ஒரு சிப், அதற்குள் 15 இலக்க நம்பர். போலீஸ் மோப்ப நாய் என்றால் கேட்கவே வேண்டாம். பெயர், பதிவேடு, சாப்பாட்டுப் பட்டியல், கடைசியில் மாலை போட்டு ரிட்டயர்மென்ட் விழா!

ஆக, தெரு நாய்க்கு ஒரு கட்டம். வீட்டு நாய்க்கு ஒரு கட்டம். போலீஸ் நாய்க்கு ஒரு கட்டம். ஒரே ஒரு நாய்க்கு மட்டும் கட்டம் இல்லை.

கண் தெரியாதவருக்கு வழி காட்டுகிற நாய். காது கேட்காதவரிடம் ஓடி வந்து, காலிங் பெல் அடித்ததைக் காலால் தொட்டுச் சொல்கிற நாய். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியைக் கவ்வி எடுத்துத் தருகிற நாய். உதவி நாய்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இவை எத்தனை? நான் புரட்டிப் பார்த்த எந்த அரசாங்க அறிக்கையிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

எங்கள் பாஷையில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். ஒரு தொகை வந்திருக்கும். எதற்கு வந்தது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அதில் தள்ளிவிடுவோம். சொத்தும் இல்லை, கடனும் இல்லை, செலவும் இல்லை. திரிசங்கு சொர்க்கம்.

'நாட்டில் ஆயிரம் பிரச்னை இருக்க, இந்த ஆள் நாய்க்குக் கட்டம் இல்லை என்று புலம்புகிறானே' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நாய்க்காக இல்லை ஸார். ஒரு அம்மாவுக்காக.

* * *

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். இருபத்தெட்டு வயசு. பிறவியிலேயே கண் தெரியாது. கம்ப்யூட்டர் தானே படித்துச் சொல்லும் ஸாஃப்ட்வேர் வைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். என்னை விட வேகமாக டைப் அடிப்பான். என்னை விட நல்ல சம்பளம் (இதை என் வீட்டில் சொல்லவேண்டாம்).

தினம் காலையில் அவனுடைய அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். ஜூஜூவாடி வரைக்கும் டவுன் பஸ். எல்லை தாண்டி, அத்திப்பள்ளியில் பெங்களூர் பஸ். கம்பெனி கேட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவார். சாயந்திரம் மறுபடி போய்க் கூட்டிக்கொண்டு வருவார். நாலு வருஷமாக இதுதான்.

நம் வியாதி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு நடைக்கு சுமார் 20 கிலோ மீட்டர். நாள் ஒன்றுக்கு நாலு நடை, 80 கிலோ மீட்டர். மாசத்துக்கு 25 நாள் என்றால் 2,000 கிலோ மீட்டர். கிட்டத்தட்ட ஓசூரிலிருந்து டெல்லி! அந்த அம்மா மாசா மாசம் ஒரு தடவை டெல்லிக்குப் போகிறார். லாரி டிரைவருக்காவது படி உண்டு.

இதில் எல்லைக்கோட்டின் வேடிக்கை வேறு. தமிழ்நாட்டு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாற்றுத்திறனாளிக்கும், கூடத் துணைக்கு வருகிற ஒருவருக்கும் கூட இலவசம். ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாவுக்கு இரண்டு வழியில் உரிமை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்திலும் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்கு! அந்த அம்மாவின் ஆதாரில் ஓசூர் என்று இருக்கிறது. எனவே அத்திப்பள்ளியில் 'டிக்கெட் டிக்கெட்' என்று கண்டக்டர் கையை நீட்டுகிறார். இரண்டு கிலோ மீட்டரில் ஒரு அம்மா 'துணை'யிலிருந்து 'பயணி'யாக மாறிவிடுகிறார்.

ஒரு நாள் டீக்கடையில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "ஏம்ப்பா, வெளிநாட்டுல எல்லாம் நாய் வச்சுக்கிறாங்களாமே, நீயும் ஒண்ணு பழக்கி வச்சுக்கயேன். அம்மாவுக்கும் அலைச்சல் மிச்சம்."

சிரித்தான். "நாய் கிடைக்குதுன்னே வச்சுக்கங்கண்ணா. பஸ்ல கண்டக்டர், ஹோட்டல்ல சர்வர், கம்பெனில செக்யூரிட்டி... மூணு பேருக்கும் தினம் நான் க்ளாஸ் எடுக்கணும். கண்டக்டருக்குத் தமிழ்ல, செக்யூரிட்டிக்கு இந்தில, நடுவுல கன்னடத்துல. நான் வேலைக்கு எப்பண்ணா போறது? அம்மாவைக் கூட்டிட்டுப் போனா யாரும் எதுவும் கேக்கறதில்ல."

டீயை உறிஞ்சிவிட்டு ஒரு வார்த்தை சேர்த்தான். "அந்த நாய்க்கு எட்டு, ஒன்பது வருஷ சர்வீஸ் முடிஞ்சா ரிட்டயர்மென்ட் குடுத்துடறாங்கண்ணா. எங்கம்மாவுக்கு யார் குடுக்கறது?"

எனக்கு டீ இறங்கவில்லை.

* * *

முதலில் அந்த நாய் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். முதல் உலக யுத்தத்தில் கண் இழந்த சிப்பாய்களுக்காக 1916ல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் இதற்கு முதல் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனவர் மாரிஸ் ஃப்ராங்க் என்ற இளைஞர். கண் தெரியாதவர். தொழில், இன்ஷூரன்ஸ் விற்பது. (இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தால் நாம் ஓடுவோம். அவர் நாயோடு வந்தார்!) 1928ல் ஸ்விட்சர்லாந்தில் பழகிய 'படி' என்ற ஜெர்மன் ஷெப்பர்டுடன் நியூயார்க்கில் வந்து இறங்கி, பத்திரிகைக்காரர்கள் முன்னால் பரபரப்பான ஒரு ரோட்டைக் கடந்து காட்டினார். 1929 ஜனவரியில் 'ஸீயிங் ஐ' என்ற பள்ளி பிறந்தது. இன்றும் நடக்கிறது. நாயும் பயிற்சியும் சேர்த்து ஒரு மாணவரிடம் 150 டாலர்தான் வாங்குகிறார்கள், பல பத்து வருஷங்களாக அதே ரேட். மிச்சம் நன்கொடை. ஓசூர் வீட்டு ஓனர்கள் கவனிக்க.

குட்டி பிறந்து இரண்டு மாசத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுப்பார்கள். ஒரு வயசு தாண்டியதும் பள்ளிக்கூடம். அப்புறம் ஆளுக்கு ஏற்ற நாயைப் பொருத்தம் பார்த்து இருவருக்கும் சேர்த்துப் பயிற்சி. ஜாதகம் மட்டும்தான் பார்ப்பதில்லை. நடையின் வேகம், உயரம், குணம் எல்லாம் பார்க்கிறார்கள்.

பலர் நினைப்பது போல நாய் சிக்னல் விளக்கைப் பார்த்து ரோட்டைக் கடப்பதில்லை. எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்வது மனிதர். மேடு, பள்ளம், கம்பம், தலையில் இடிக்கும் கிளை இதையெல்லாம் ஒதுக்கிக் கூட்டிப் போவது நாய். அதற்குச் சொல்லித் தருகிற மிகக் கஷ்டமான பாடம் ஒன்று உண்டு: கீழ்ப்படியாமை. எஜமான் 'போ' என்கிறார். எதிரே கார் வருகிறது. நாய் நகரக் கூடாது. எம்.டி. சொன்னாலும் தப்பான வவுச்சரில் கையெழுத்துப் போடாத அக்கவுண்டன்ட் மாதிரி. அந்த மாதிரி அக்கவுண்டன்ட்டை விட அந்த மாதிரி நாய் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். உலகத்தில் இப்போது 20 ஆயிரத்துக்கு மேல் வழிகாட்டி நாய்கள் வேலையில் இருக்கின்றன.

* * *

சரி, இந்த நாயை எப்படிப் பதிவு செய்வது? உலகம் இதில் இரண்டு கட்சி.

முதல் கட்சி அமெரிக்கா. அங்கே பதிவே வேண்டாம். 1990ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கடைக்காரரோ ஹோட்டல்காரரோ இரண்டே கேள்விதான் கேட்கலாம். ஒன்று, இது உடல் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் உதவி நாயா? இரண்டு, இது என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது? அவ்வளவுதான். கார்டைக் காட்டு, சர்டிபிகேட்டைக் காட்டு, எங்கே ஒரு தடவை செய்யச் சொல்லு பார்ப்போம், எதுவும் கேட்கக் கூடாது. எனக்கு நாய் என்றால் பயம், அலர்ஜி என்று சொல்லியும் மறுக்க முடியாது. நாய் அடங்காமல் அட்டகாசம் செய்தாலோ, கண்ட இடத்தில் அசிங்கம் செய்தாலோ மட்டும் வெளியே அனுப்பலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனுஷன் சும்மா இருப்பானா? கம்ப்யூட்டரில் பணம் கட்டினால் 'பதிவு செய்யப்பட்ட உதவி நாய்' என்று சர்டிபிகேட்டும் சட்டையும் வீட்டுக்கு வருகிற வியாபாரம் ஆரம்பமாயிற்று. அரசாங்கமே 'அந்த சர்டிபிகேட்டுக்கு எந்த மதிப்பும் கிடையாது' என்று சொல்லிப் பார்த்தது. விமானத்தில் 'மன ஆறுதலுக்காக' என்று வாத்து, பன்றி எல்லாம் ஏறின. 2018 ஜனவரியில் ஒரு அம்மணி நியூவர்க் விமான நிலையத்துக்கு ஒரு மயிலோடு வந்தார். மயிலுக்கு டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தார். ஏற்றவில்லை. நம் முருகப் பெருமான் கூட மயிலுக்கு ஸீட் கேட்டதில்லை, மயில்தான் அவருக்கு ஸீட். 2021 ஜனவரியிலிருந்து விமானக் கம்பெனிகளுக்கு விதியை மாற்றினார்கள். பழக்கப்பட்ட நாய் மட்டும்தான் உதவி மிருகம், அதற்கும் ஃபாரம் கேட்கலாம் என்று.

இரண்டாவது கட்சி ஜப்பான். ரூல் போட்டுக் கோடு கிழிக்கும் தேசம். அங்கே தகராசுகா என்ற நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர். மோட்டார் சைக்கிள் விபத்தில் கை கால் விழுந்துவிட்டது. அவருக்கு சிந்தியா என்று ஒரு லாப்ரடார். கீழே விழுந்ததை எடுத்துத் தரும். ஆனால் போகிற இடமெல்லாம் 'நாய்க்கு அனுமதி இல்லை'. வழிகாட்டி நாயைத் தெரிந்தவர்களுக்குக் கூட இந்த நாயைத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள் விடாமல் தட்டியதில் 2002ல் சட்டம் வந்தது. வழிகாட்டி நாய், கை கால் உதவி நாய், காது நாய் மூன்றுக்கும் ஒரே சட்டம். பரீட்சை உண்டு, நம்பர் உண்டு. நாயின் மேல் அட்டை, ஆளிடம் சான்றிதழ். பதிலுக்கு பஸ், ரயில், ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாம் கதவு திறக்கவேண்டும். 2007ல் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் கம்பெனியும் ஊழியரின் உதவி நாயை மறுக்கக் கூடாது என்றார்கள்.

அதனால் ஜப்பானில் நாயை எண்ண முடிகிறது. வழிகாட்டி நாய் சுமார் 800. மற்ற இரண்டும் சேர்த்து சுமார் நூறு. 12 கோடி ஜனத்தொகைக்கு இது மிகக் கம்மி. ஆனால் கம்மி என்று அவர்களுக்குத் தெரிகிறது பாருங்கள், அதுதான் விஷயம். நமக்குக் கம்மியா, பூஜ்யமா என்பதே தெரியாது.

* * *

நம் ஊர் நிலைமை என்ன? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம். அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம், காது கேட்பதில் குறை உள்ளவர்கள் 50 லட்சம், நடமாட்டத்தில் குறை உள்ளவர்கள் 54 லட்சம். தமிழ்நாட்டில் மொத்தம் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர்.

2007ல் இந்தியா ஐ.நா. சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதில், நடமாட உதவும் கருவிகளோடு 'உயிருள்ள துணை'யும் கிடைக்க வழி செய்யவேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. மனிதத் துணையும் அதில் வரும், நாயும் வரும். அந்த ஒப்பந்தத்தை ஒட்டித்தான் நம் 2016ஆம் வருஷத்துச் சட்டம் எழுதப்பட்டது. 102 பிரிவு. அரசு வேலையில் 4 சதவிகிதம், கட்டிடங்களில் சாய்தளம், வேலை இடத்தில் தேவைக்கேற்ற வசதி எல்லாம் இருக்கிறது. நாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் வைத்து வாதாடினால் 'தேவைக்கேற்ற வசதி'க்குள் நாயையும் நுழைத்துவிடலாம். ஆனால் காலை எட்டே காலுக்கு பஸ் படிக்கட்டில் யார் வக்கீல் வைப்பது?

ரயிலில் வீட்டு நாயைக் கூட்டிப் போக வேண்டுமானால் முதல் வகுப்பில் தனி கூப்பே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப் பெட்டியில் போடவேண்டும். வழி காட்டுகிற நாய் கார்டு வண்டியிலும், வழி தெரியாதவர் செகண்ட் கிளாஸிலும் போனால் யார் யாருக்கு வழி காட்டுவது?

ஒரு சங்கதியை மறைக்கக் கூடாது. நம் ரோட்டில் இந்த நாய் வேலை செய்வது கஷ்டம். பாகலூர் ரோட்டில் நடைபாதை என்பது கடைக்காரரின் ஷோ ரூம். தெரு முனைக்குத் தெரு முனை நம் லோக்கல் நாய்கள் 'எந்த ஏரியாடா நீ' என்று கேட்கும். பழக்கிவிடுகிற ஆளும் பள்ளியும் அபூர்வம். சிலருக்கு நாய் வேண்டாம், கோல் போதும். டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி, சென்னைக் கம்பெனி ஒன்று தயாரித்து 2014ல் வந்த ஸ்மார்ட் கேன், எதிரே தடை இருந்தால் கையில் அதிர்ந்து சொல்கிறது. சிலருக்கு பஸ்ஸில் ஸ்டாப் பெயரைச் சொன்னாலே போதும். எல்லோருக்கும் நாய் கொடு என்பதல்ல என் கட்சி.

'அப்படியென்றால் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?' என்று ஒரு ஆபீஸர் கேட்கலாம். இதுதான் நம் ஊர் பஸ் ரூட் தர்க்கம். அந்த ஸ்டாப்பில் யாரும் நிற்பதில்லை, அதனால் பஸ் விடவில்லை. பஸ் வராது, அதனால் யாரும் நிற்பதில்லை. இரண்டு பேரும் சொல்வது வாஸ்தவம். ஸ்டாப் மட்டும் காலி.

* * *

என் யோசனை ஒன்று. காசு கேட்காத யோசனை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நாயிலிருந்து ஆரம்பிக்காதே, ஆளிலிருந்து ஆரம்பி. மாற்றுத்திறனாளிகளுக்கு நாடு முழுக்க ஒரே அடையாள அட்டை இருக்கிறது. 18 இலக்க நம்பர். தமிழ்நாட்டில் வாங்கினாலும் கர்நாடகத்தில் செல்லும். அந்த ஃபாரத்தில் ஒரு கேள்வி சேர்க்கட்டும்: வெளியே போக எது துணை? கோல், சக்கர நாற்காலி, காது மெஷின், நாய், வீட்டு மனுஷர். அடுத்த வரி: எது கிடைத்தால் தனியாகப் போவீர்கள்? இந்த இரண்டு வரியில் எத்தனை நாய் இருக்கிறது, எத்தனை நாய் வேண்டும், எத்தனை அம்மாக்கள் டெல்லிக்கு நடக்கிறார்கள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அப்புறம் நாய். பழகிய நாய்க்கு ஒரே ஒரு தடவை பரீட்சை, மைக்ரோசிப், தடுப்பூசி. அந்த நம்பரை அதே அட்டையோடு கோர்த்துவிட வேண்டும். தனி ஆபீஸ், தனி கவுன்ட்டர், தனி 'கவனிப்பு' வேண்டாம். வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 'நாயோட பிறப்புச் சான்றிதழ் கொண்டாங்க. தகப்பனார் பெயர் விட்டுப் போயிருக்கே.' வருஷா வருஷம் ரின்யூவல் என்று வேறு ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இதை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகச் செய்யவே கூடாது. செய்தால் ஜூஜூவாடியில் வழிகாட்டி நாயாக இருப்பது அத்திப்பள்ளியில் வெறும் நாயாகிவிடும். அந்த அம்மாவுக்கு டிக்கெட் கேட்ட கதைதான். யானைக்கு எல்லை இல்லாமல் கணக்கு எடுத்தோமே, அதே மாதிரி.

மிக முக்கியம், பதிவேட்டுக்கு இரண்டு பக்கம் வேண்டும். எங்கள் லெட்ஜரில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் டேலி ஆகாது. இந்தப் பக்கம், நாய் பழகியதா என்று சரிபார்ப்பது. அந்தப் பக்கம், பழகிய நாயை மறுத்தவருக்கு அபராதம். அமெரிக்கா இந்தப் பக்கத்தை விட்டது, மயில் வந்தது. நாம் அந்தப் பக்கத்தை விட்டால் ஒன்று நடக்கும். கார்டு வாங்குகிற கஷ்டம் மாற்றுத்திறனாளிக்கு, கதவைச் சாத்துகிற சௌகரியம் மற்றவர்களுக்கு. பதிவு என்பது சாவியாக இருக்கவேண்டும், இன்னொரு பூட்டாக ஆகிவிடக் கூடாது.

கம்பெனிகளுக்கு இது முடியாத காரியமில்லை. இதே ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை எண்பதுகளிலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்து, முள்ளும் பல்சக்கரமுமாகக் கடிகாரம் கோர்க்க வைத்தது. 'முடியுமா' என்று யோசித்திருந்தால் முடிந்திருக்காது. தூசி ஆகாத எலெக்ட்ரானிக்ஸ் அறைக்குள் நாய் வரமுடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். நாய் என்ன, நானே செருப்போடு வரமுடியாது. வெளியே ஒரு நிழல், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். சிப்காட்டில் பாதி கேட்டுகளில் ஏற்கெனவே ஒரு நாய் ஆறேழு வருஷ சர்வீஸோடு படுத்திருக்கிறது. அட்டெண்டன்ஸ் நூறு சதம். அதை யாரும் ஐ.டி. கார்டு கேட்டதில்லை!

நீங்கள் செய்யவேண்டியதும் கொஞ்சம் உண்டு. உங்களில் பாதிப்பேர் ஆபீஸில் ஏதாவது ஒரு ஃபாரம் தயார் செய்கிறவர்கள். பர்ஸனலில் இருக்கலாம், டைம் ஆபீஸில் இருக்கலாம், விஸிட்டர் ரிஜிஸ்டருக்குக் கோடு போடுகிறவராக இருக்கலாம். அடுத்த தடவை கோடு போடும்போது 'வெளியே போக எது துணை' என்று ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். எப்போதாவது சேணம் போட்ட ஒரு நாய் எதிரே வந்தால் 'ஜிம்மி ஜிம்மி' என்று கூப்பிட்டு பிஸ்கட் நீட்டாதீர்கள். அது டியூட்டியில் இருக்கிறது. பேச வேண்டுமானால் மனிதரிடம் பேசுங்கள்.

ஜனத்தொகைக் கணக்கு அடுத்து 2027 என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். வீட்டில் டி.வி. உண்டா, டாய்லெட் உண்டா என்று ஒரு கணக்கெடுப்பில் கேட்கத்தானே செய்கிறோம். 'உங்கள் வீட்டில் யாராவது இன்னொருவருக்குக் கண்ணாக இருக்கிறார்களா?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அந்த அம்மா கையைத் தூக்குவார். வயசு ஐம்பத்தாறு, சர்வீஸ் இருபத்தெட்டு வருஷம், சம்பளம் இல்லை, லீவு இல்லை, ரிலீவர் இல்லை.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டை வருஷக் கடைசியில் தீர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் சாஸ்திரம். இது எத்தனை வருஷமாக அப்படியே கிடக்கிறது என்று எண்ணவும் ஒரு கட்டம் போடலாம்.